கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தையோடு ஊருக்கு: ஓட்டல், செக்கு, மெடிக்கல், லேப்

லண்டனிலிருந்து வந்தாலும் டொராண்டோவிலிருந்து வந்தாலும் நடப்பது ஒன்றுதான். சென்னையில் இறங்கி இரண்டு மூன்று நாளில் குழந்தையின் முழங்கை மடிப்பும் முழங்கால் பின்புறமும் சிவந்து, இரவெல்லாம் சொறிய ஆரம்பிக்கும். வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "சாப்பாடு ஒத்துக்கலை." அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. வியர்வை, உப்பும் கடினத்தன்மையும் கூடிய போர் தண்ணீர், துணி சோப்பு, கொசுவர்த்திப் புகை, பழைய மெத்தையின் தூசிப்பூச்சி, பயணத்தில் விட்டுப்போன க்ரீம் ஆகியவைதான் முதல் சந்தேக நபர்கள். உணவுக்கு அதற்குப் பிறகுதான் இடம். ஆனால் உண்மையிலேயே உணவு அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஊரில் காத்திருக்கும் ஆபத்துகள் வேறு. வெளிநாட்டு லேபிளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை தட்டுப்படாது. இந்தக் குறிப்பு முக்கியமாக அவற்றைப் பற்றியது.

முதலில் நேரக் கணக்கு. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல் வந்தால் அது உடனடி அலர்ஜி, உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிட்டு ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் கழித்து எக்ஸிமா மட்டும் கிளம்பினால் அது தாமத வகை. தொந்தரவுதான், அவசரம் இல்லை. வாயைச் சுற்றி மட்டும் சிவப்பது மூன்றாவது வகை. தக்காளி, எலுமிச்சை, புளி ரசம் தோலில் பட்டு எரிவதால் அப்படி ஆகிறது. பெரும்பாலும் அலர்ஜியே இல்லை. சாப்பிடும் முன் வாயைச் சுற்றி வாசலின் தடவினால் அடங்கிவிடும். மாம்பழமும் இப்படித்தான். காம்புப் பாலிலும் தோலிலும் உள்ள பொருள்தான் எரிச்சல் தருவது. கழுவி, தோல் சீவி, துண்டு போட்டு முள்கரண்டியால் கொடுத்தால் பல குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. கொட்டையைக் கையில் கொடுத்துச் சப்பவிடுவதுதான் தவறு.

விமானத்தில் சிறப்பு உணவைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிய வேண்டும். குறியீட்டை நம்புவதிலும் ஒரு பொறி உண்டு. என்எல்எம்எல் என்பது லாக்டோஸ் குறைந்த உணவு. அதில் பால் புரதம் இருக்கலாம், ஆகவே பால் அலர்ஜிக்கு அது பயன்படாது. ஏவிஎம்எல் எனும் இந்திய சைவ உணவில் முட்டை இருக்காது. ஆனால் தயிர், பன்னீர், நெய் இருக்கும். பாலும் முட்டையும் ஆகாதென்றால் விஜிஎம்எல், அதாவது வீகன். வேர்க்கடலை, முந்திரி, எள் அறவே இல்லை என்று பெரும்பாலான விமான நிறுவனங்கள் உறுதி தருவதில்லை, எனவே குழந்தையின் உணவைக் கையோடு கொண்டுபோவதே மேல். மருந்தும் குழந்தை உணவும் 100 மி.லி.க்கு மேல் இருந்தாலும் கொண்டுபோகலாம். மருத்துவர் கடிதம் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் வாக்குவாதம் குறையும். பால் அலர்ஜிக்கான அமினோ அமில ஃபார்முலா குடிக்கும் குழந்தையென்றால் முழுப் பயணத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள். ஊரில் எல்லா இடத்திலும் கிடைக்காது, விலையும் அதிகம்.

இனி கடை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி குளூட்டன் தானியம், ஓட்டுடலிகள் (இறால், நண்டு), பால், முட்டை, மீன், வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா ஆகியவற்றையும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் சல்ஃபைட்டையும் தனியாக அலர்ஜி அறிவிப்பில் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை, கடுகும் இல்லை. பிரிட்டனின் 14 பொருள் பட்டியலிலும் கனடாவின் பட்டியலிலும் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் 2023 முதல் எள் சேர்ந்துவிட்டது. ஆகவே எள் அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஊர்ப் பாக்கெட்டில் "கன்டெய்ன்ஸ்" வரியை மட்டும் பார்த்தால் போதாது. முழுப் பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளிக்கும் ஒரு எல்லை உண்டு. பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை, ஏனெனில் முட்டை சேர்ந்தால் பழுப்பு அடையாளம்தான் போட வேண்டும். ஆனால் பால் சைவக் கணக்கில் வருவதால் பச்சைப் புள்ளி பால் இல்லாததற்குச் சான்று ஆகாது. ரொட்டி, பிஸ்கட், மால்ட் பானம் எல்லாவற்றிலும் பால் திடப்பொருள் தேடுங்கள். கோதுமை ஆகாத குழந்தைக்குக் கூட்டுப் பெருங்காயத்தைப் பாருங்கள். பல டப்பாக்களில் மைதா கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றுக்குள்ளும் அது போகிறது.

முட்டை, மீன், இறால் ஆகாத குழந்தைக்குத் தமிழ்நாடு லண்டனைவிடச் சுலபமான இடம் என்றே சொல்லலாம். சுத்த சைவ ஓட்டலின் சமையலறைக்குள் அவை வருவதே இல்லை, எக்லெஸ் கேக் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அசைவ ஓட்டலில் மட்டும் ஜாக்கிரதை: முட்டை தோசை போட்ட கல்லிலேயே சாதா தோசை வரும், புரோட்டா மாவில் முட்டையும் பாலும் சேர்ப்பது உண்டு. கஷ்டமானவை பால், வேர்க்கடலை, முந்திரி, எள். பொங்கலில் நெய்யும் முந்திரியும் கண்ணுக்குத் தெரியும். குருமாவில் அரைத்த முந்திரி தெரியாது. வெள்ளைச் சட்னியில் தேங்காயைக் குறைத்து வேர்க்கடலை அரைப்பது தெரியாது. இட்லிப் பொடியில் எள், புளியோதரையில் வறுத்த எள்ளுப் பொடி, இட்லித் தட்டில் தடவிய நல்லெண்ணெய், இவை யாருக்கும் நினைவுக்கே வராது. வடை, பஜ்ஜி, போண்டா எல்லாம் ஒரே வாணலி எண்ணெயில் பொரிகின்றன.

"அலர்ஜி இருக்கு" என்று சப்ளையரிடம் சொன்னால் "ஒண்ணும் ஆகாது சார், கொஞ்சம்தான் இருக்கும்" என்பார். அவர்மேல் குற்றமில்லை; அவர் நினைப்பது வயிற்றுக் கோளாறை. கேள்வி சமையல் மாஸ்டரிடம் போக வேண்டும், பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும்: பொரிக்கிற எண்ணெய் எது? சட்னியில் வேர்க்கடலை அரைச்சிருக்கா? குருமாவுல முந்திரி இருக்கா? கல்லுல எண்ணெயா, நெய்யா? வெறும் "கடலை" என்று கேட்காதீர்கள். கடலை எண்ணெய் வேர்க்கடலையிலிருந்து வருவது, கடலை மாவு கடலைப்பருப்பிலிருந்து; பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலையும் அதே பெயரில் நடமாடுகின்றன. விழுப்புரம் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். ஒரு அட்டையில் இப்படி எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு மிச்சம்: "என் குழந்தைக்கு வேர்க்கடலை, முந்திரி, எள், நல்லெண்ணெய் சேரவே கூடாது. அதே கரண்டி, அதே எண்ணெய் பட்டாலும் மூச்சுத் திணறல் வரும். இவை இல்லாத உணவு எது என்று மாஸ்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்." மூச்சுத் திணறல் என்ற சொல்தான் வேலை செய்யும், அரிப்பு என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள சங்கிலி உணவகங்கள் அலர்ஜி விவரம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டால் சில இடங்களில் அச்சிட்ட தாள் கிடைக்கும்.

கோவில் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி, பெரியவர்கள் சாப்பிட்டால் போதும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய் உண்டு, தேனும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் எந்தக் குழந்தைக்கும் கூடாது. சனிக்கிழமை எள் சாதமும் நவராத்திரி வேர்க்கடலைச் சுண்டலும் கையில் திணிக்கப்படும்.

நகரங்களில் இப்போது மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் பெருகிவிட்டன. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிக மிகக் குறைவு. பல குழந்தைகளுக்கு அது தொந்தரவு தருவதில்லை. செக்கு எண்ணெயில் புரதம் தங்கிவிடுகிறது. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர் உறவினர் வீட்டில் "பழையபடி செக்கு எண்ணெய்தான் வாங்கறோம்" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்று: ஒரே செக்கில் மாற்றி மாற்றி எள், கடலை, தேங்காய் ஆட்டும் கடைகள் உண்டு; அங்கே வாங்கும் தேங்காய் எண்ணெயிலும் எள்ளின் மிச்சம் இருக்கலாம். மாவு மில்லிலும் இதே சிக்கல். கேழ்வரகு அரைக்கப் போனால் முன்னால் அரைத்தவரின் சத்து மாவு மிச்சம் நம் பையில் விழும். சத்து மாவு என்பதே அலர்ஜிக் குழந்தைக்குப் பெரிய பொறி: கோதுமை, சோயா, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பயறு எல்லாம் ஒரே டப்பாவில். தடித்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. முளைகட்டிய கேழ்வரகை வீட்டு மிக்ஸியில் அரைத்துக் கஞ்சி காய்ச்சுங்கள். பால் குடிக்காத குழந்தைக்குக் கேழ்வரகில் கால்சியமும் கிடைக்கிறது: 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல். தேங்காய்ப் பாலைச் சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம். குடிக்கும் பாலுக்கு மாற்றாக வைக்கப் புரதமும் கால்சியமும் போதாது. "மாட்டுப் பால் ஆகலைன்னா ஆட்டுப் பால் குடு" என்ற யோசனை நிச்சயம் வரும். இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பசும்பால் ஆகாத பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆட்டுப் பாலும் எருமைப் பாலும் ஆகாது.

வீட்டுப் பெரியவர்களிடம் கரப்பான் பண்டப் பட்டியல் ஒன்று இருக்கும்: கத்தரிக்காய், கருவாடு, சோளம், பாகற்காய். யாழ்ப்பாணத்து வீடென்றால் கிரந்திச் சாப்பாடு என்று இறாலும் நண்டும் சேரும். இவற்றில் இறால், நண்டு, மீன் உண்மையான அலர்ஜிப் பொருள்கள். மற்றவற்றை ஒரு மாதம் கொடுக்காவிட்டால் குழந்தைக்கு நட்டமில்லை, சண்டை போட வேண்டாம். ஆனால் பத்தியம் வளர்ந்து பால், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தும் கட்டத்துக்குப் போனால் தடுக்கத்தான் வேண்டும். எக்ஸிமா உள்ள குழந்தை இதுவரை நன்றாகச் சாப்பிட்டு வந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது கடுமையான உடனடி அலர்ஜி வந்ததுண்டு. உடல் ஏற்றுக்கொண்டிருந்த பழக்கம் விட்டுப்போவதுதான் காரணம்.

சாப்பாட்டைவிட எண்ணெய்க் குளியலில்தான் நான் கறாராக இருக்கச் சொல்வேன். வெடித்த தோல் வழியே உணவுப் புரதம் உள்ளே போனால் உடல் அதை எதிரியாகப் பார்க்கப் பழகுகிறது. வாய் வழியே போனால் ஏற்கப் பழகுகிறது. 2015-இல் வெளியான லீப் ஆய்வில், கடும் எக்ஸிமா அல்லது முட்டை அலர்ஜி இருந்த கைக்குழந்தைகளுக்கு வேர்க்கடலை உணவைச் சீக்கிரமே தொடங்கியபோது ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி பெருமளவு குறைந்தது. அதைப் பார்த்துவிட்டு விடுமுறையில் நாமே கொடுத்துப் பார்ப்பது கூடாது; கடும் எக்ஸிமா இருந்தால் மருத்துவர் மேற்பார்வை தேவை. தோல் பக்கம் விதி எளிது: புண்ணான தோலில் நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய், கடலை மாவு, பயத்தம் மாவு, பாலாடை எதுவும் வேண்டாம். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் தடுப்பைக் கெடுக்கும். பாட்டி மனம் நோகக் கூடாதென்றால் சுத்தமான தேங்காய் எண்ணெய் தேய்க்கட்டும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் க்ரீம் தடவுங்கள். அளவு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம். ஊர் மெடிக்கலில் கிடைப்பவை பெரும்பாலும் சின்ன டியூப்கள். பெரிய டப்பாவைப் பெட்டியில் போட்டு வாருங்கள். பாரஃபின் க்ரீம் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், குத்துவிளக்கு, அகல் விளக்கு பக்கம் குழந்தையை விடாதீர்கள்.

மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த டியூப் கைக்கு வந்துவிடக்கூடும். இரண்டு நாளில் தோல் பளபளக்கும், நிறுத்தியதும் மோசமாகத் திரும்பும், முகத்தில் தோல் மெலியும். ஸ்டீராய்டு க்ரீம்களை 2018-இல் மருத்துவர் சீட்டு வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். நடைமுறையில் எல்லாக் கடையும் கேட்பதில்லை. உங்கள் மருத்துவர் எழுதிய பெயரையும் சதவீதத்தையும் காட்டி அதையே வாங்குங்கள். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம்; விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். பெயரோ பொருள் பட்டியலோ இல்லாத "மூலிகை" டப்பாவை உறவினர் தந்தால் வாங்கி வைத்துக்கொண்டு தடவாமல் விடுங்கள். அத்தகைய சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு.

அட்ரினலின் பேனா (கடும் அலர்ஜி வந்தால் நாமே தொடையில் போடும் ஊசி) ஊர் மெடிக்கலில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேனா, எப்போதும் குழந்தையோடு. பாட்டி வீட்டு அலமாரியில் அல்ல. 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜில் கூடாது, நிறுத்திய காரில் விடவே கூடாது. திரவம் பழுப்பாகியிருந்தால் கெட்டது. குரல் மாறுதல், மூச்சிழுப்பு, துவண்டு விழுதல் இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் பேனா, படுக்கவைத்துக் காலை உயர்த்தி 108 ஆம்புலன்ஸ். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது பேனா. சிறு கிளினிக்குகளில் ஆன்டிஹிஸ்டமின் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் முதலில் போடும் பழக்கம் உண்டு; அவை அட்ரினலினுக்கு மாற்றல்ல. அட்ரினலின் ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) அங்கே பெரும்பாலும் இருக்கும், தொடைத் தசையில் கிலோவுக்கு 0.01 மி.கி. என்று எழுதிய உங்கள் மருத்துவரின் தாளைக் காட்டுங்கள்.

கடைசியாக லேப். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள், அறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது, வெளிநாட்டோடு பார்த்தால் செலவும் குறைவு. அதனால் "வந்த கையோடு முழு அலர்ஜி பேனல் எடுத்துடலாம்" என்ற ஆசை இயல்பு. நூற்றுக்கணக்கான உணவுக்கு ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) பார்க்கும் "இன்டாலரன்ஸ்" பேனலுக்குக் காசு தர வேண்டாம். சாப்பிட்ட உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு, ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் அதை ஏற்பதில்லை. உடனடி அலர்ஜிக்குக் காரணமான எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஐஜிஇ சோதனை சரியானதுதான், ஆனால் எக்ஸிமா குழந்தைக்கு மொத்த ஐஜிஇ பெரும்பாலும் உயர்ந்திருப்பதால் நன்றாகச் சாப்பிடும் அரிசிக்கும் கோதுமைக்கும்கூட பாசிட்டிவ் காட்டக்கூடும். சந்தேகம் உள்ள ஓரிரு உணவுக்கு மட்டும் எடுங்கள். தோல் குத்துச் சோதனை என்றால் செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்தை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், விடுமுறையில் அது கஷ்டம். உணவை நீக்கிப் பார்க்கும் சோதனைக்கு இரண்டிலிருந்து நான்கு வாரமும் அதன்பின் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதும் தேவை; தண்ணீர், வெயில், படுக்கை எல்லாம் மாறியிருக்கும் ஊர்ப் பயணத்தில் அதன் முடிவுக்கு அர்த்தமே இருக்காது. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் "ஹை", "லோ" என்ற வண்ணப் பட்டையை விட்டுவிட்டு எண்ணும் அலகும் உள்ள அறிக்கையைக் கேட்டு வாங்கி, திரும்பியதும் உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். அதுவரை சாப்பிட்டு வந்த எதையும் நிறுத்த வேண்டாம்.