தக்காளியும் விடைக்கோழியும் ஒரே மாடியில்: இரண்டரை வருட அனுபவம்

போன வாரம் கோழிக்கூண்டின் வலையை மூன்றாவது தடவையாக மாற்றினேன். அன்றைக்குத்தான் அல்சூரில் இருக்கும் தோழி போன் செய்தாள். "உன் வீட்டு மாடி மாதிரி எனக்கும் வேணும்டி. நாட்டுத் தக்காளியும் போடணும், ரெண்டு கோழியும் வளக்கணும். சேர்த்து வெச்சா ஒத்து வருமா?" கை முழுக்கக் கம்பிக் கீறல், நான் ஏதோ பாதி பதில் சொல்லி வைத்துவிட்டேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் 22 செடிப் பைகள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது ஆரம்பித்தது இது. அந்த அக்டோபரில் மூன்று மாத விடைகள், அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகள், நான்கு வாங்கினோம். ஹெப்பாளில் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா இனக் கோழி இரண்டு, நாட்டுக்கோழி இரண்டு. சேவல் கிடையாது. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். மண் கலவை, பை அளவு, கூண்டு அளவெல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது, அதற்குள் நான் போகவில்லை.

என் மனக்குறை ஒன்றே ஒன்று. கோழிகள் ஒரு பழத்தைப் பிடித்து முழுதாகத் தின்றால் எனக்குக் கோபமே வராது, பசிக்குத் தின்றது என்று விட்டுவிடுவேன். இவை அப்படிச் செய்வதில்லை. பழுத்து நிற்கிற ஏழு பழத்திலும் தலைக்கு ஒரு கொத்து கொத்திவிட்டு நகர்ந்துவிடும். மதியத்துக்குள் அந்த ஓட்டையில் எறும்பு ஏறும். மறுநாள் காலையில் அழுகல் வாடை.

கடைத் தக்காளி என்றால் போகட்டும். நான் வளர்ப்பது செரோக்கி பர்ப்பிள் மாதிரியான பாரம்பரிய ரகங்கள், அதன் நாற்று நட்டு முதல் பழம் பார்க்க 80 நாள் ஆகும். தோல் மெல்லியது, மழை பெய்தாலே வெடிக்கும். ஒரு செடியில் ஒரே நேரத்தில் நாலைந்து பழம் பழுத்தால் பெரிய விஷயம். பழுத்த பிறகும் காம்புப் பக்கம் பச்சையாகவே இருக்கும் என்பதால், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று நான் விட்டுவைப்பேன். கோழிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. நிறம் அறியும் கூம்பு செல்கள் நமக்கு மூன்று வகை, கோழிக்கு நான்கு. புற ஊதாக்கதிர்கூட அதற்குத் தெரியும். எனக்கு ஒரு நாள் முன்பே அதற்கு அந்தப் பழம் சிவந்துவிடுகிறது.

செடிகளுக்கு நைலான் வலை போட்டுப் பார்த்தேன். கொத்து நின்றது, காய்ப்பும் குறைந்தது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனால் மகரந்தம் உதிரப் பூ அதிர வேண்டும். மாடிக்கு வந்து ரீங்காரம் போட்டு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த தேனீக்களை நானே வலை போட்டு வெளியே நிறுத்திவிட்டேன். அப்புறம் தினமும் காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிட வேண்டியதாயிற்று. துணிப் பை கட்டினேன். மழை நாளில் உள்ளே வியர்த்து பூஞ்சை பிடித்தது.

கடைசியில் அத்தை சொன்னதுதான் கைகொடுத்தது. அவர் தர்மபுரிக்காரர். "செங்காயாவே பறிச்சிடும்மா. அது வீட்டுல பழுக்கும்" என்றார். உண்மைதான். நிறம் திரும்பத் தொடங்கிய காய்க்குச் செடியிடமிருந்து பெரிதாக எதுவும் வர வேண்டியதில்லை, பறித்து வைத்தாலும் தானாகவே பழுக்கும். சமையலறையில் மரத்தட்டில் காம்பு கீழே பார்க்க அடுக்கி வைக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, குளிர் பட்டால் வாசனை செத்துவிடும். இந்த வழியில் பத்துக்கு எட்டுப் பழம் எனக்குக் கிடைக்கிறது. செடியிலேயே பழுத்ததன் ருசி கொஞ்சம் கூடுதல் என்று என் நாக்கு சொல்கிறது, அதையும் விட்டுக்கொடுத்தேன்.

ஆனால் விதைக்கு என்ன செய்வது? பாரம்பரிய ரகம் வளர்ப்பதே விதைக்காகத்தானே. வீரிய ஒட்டு ரகத்தின் விதையைப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது, இது வரும். விதைக்கு விடும் பழம் செடியிலேயே நன்றாகக் கனிய வேண்டும் என்பது என் பிடிவாதம். அத்தை கொண்டுவந்த வரி வரியான புளிப்பு நாட்டுத் தக்காளி, ரசத்துக்கு அதற்கு ஈடே கிடையாது, அதில் நல்ல செடியாகப் பார்த்து மூன்று பழங்களுக்கு நூல் கட்டி விட்டிருந்தேன். போன திங்கட்கிழமை கூண்டு வலையின் மூலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து மூன்றையும் கொத்தியிருக்கின்றன. பக்கத்திலேயே நூல் கட்டாத பழம் நான்கு இருந்தது, அதைத் தொடவில்லை. அன்று நான் கோழிகளோடு பேசவே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு கோழியே தண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருடம் காய்த்துளைப்பான் புழுவில் பாதிக் காய் போயிற்று. இப்போது பக்கக் கிளை கிள்ளும்போது செடியைக் கொஞ்சம் உலுக்கிவிடுகிறேன், பச்சைப் புழு கீழே விழுந்த சத்தத்துக்கே மிச்சமிருக்கும் மூன்று கோழியும் ஓடிவரும். அதற்குப் பிறகு புழுவுக்கென்று எதுவும் அடித்ததில்லை. எருவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சை எச்சத்தை நேராகப் பையில் போட்டு நாலு செடியைக் கருக்கிவிட்டேன். எங்கள் தெருவில் கொட்டும் தூங்குமூஞ்சி இலைச் சருகோடு கலந்து நாலு மாதம் மக்கவிட்டபின் போட்டால் அருமையான உரம். விடைகளுக்கு லேயர் தீவனம், அதாவது முட்டையிடும் கோழிக்கான தீவனம், வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இளம் சிறுநீரகத்துக்கு ஆகாது. முட்டைக்கு வந்தபிறகு போடலாம்.

2024 ஜனவரியில் கொண்டை சிவந்து, ஒரு நாள் காலை கேறிய சத்தம் கேட்டு ஓடினேன். சின்ன முட்டை, கையில் சூடாக இருந்தது. என் மகன் அதைச் சாப்பிட விடாமல் இரண்டு நாள் வைத்திருந்தான்.

அந்த வருடக் கோடை பெங்களூரில் யாருக்கும் மறக்காது. போர்வெல்கள் வற்றின. மார்ச்சில், குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்து ஊற்றினேன். ஒரு நாள் நிறைய, மறுநாள் இல்லை என்று போனதில் காய்களின் அடி கறுத்து அழுகியது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்றார்கள். மூட்டை மூட்டையாகப் போட்டாலும் ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். தண்ணீர் சீராகக் கிடைத்ததும் அது தானாக நின்றது. ஏப்ரல் கடைசியில் 38 டிகிரியைத் தாண்டியபோது பூ மொத்தமும் உதிர்ந்தது. இலைச்சுருட்டை நோய் வந்து பிராண்டிவைன் என்ற இன்னொரு பாரம்பரிய ரகம் முழுதும் போயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அர்கா ரக்ஷக், ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம், அது மட்டும் தெம்பாக நின்றது. நோய் எதிர்ப்பில் பழைய ரகங்கள் அதன் பக்கத்தில்கூட வராது, இதை மறைக்கக் கூடாது. அதே வெயிலில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடியும் முட்டையிட்டன. வெயில் நாளில் கொத்து அதிகமாவது தாகத்தால்தான் என்று அப்போது புரிந்தது. தண்ணீர்க் கிண்ணம் இரண்டாக்கியதும் குறைந்தது. நிற்கவில்லை.

நாட்டுக்கோழி ஒன்றைப் பூனை பிடித்துவிட்டது. பின்னல் கோழி வலை பூனைக்கும் பெருச்சாளிக்கும் தாங்காது. இப்போது போட்டிருப்பது அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), 2,800 ரூபாய் ஆனது. முதலிலேயே இதைப் போட்டிருந்தால் அது இன்று உயிரோடு இருக்கும்.

சரி, தோழிக்குப் பதில். தக்காளி போடு. அக்டோபரில் விதை, நவம்பரில் நடவு, ஜனவரி கடைசியிலிருந்து பழம், கோடை ஏறுமுன் முடித்துவிடு. கோழி வேண்டாம். முட்டை, எரு, புழு எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் கோழி பக்கம்தான் தராசு சாயும், தெரியும். இருந்தாலும் இந்த வாரம் என் வாயால் உன்னை வாங்கச் சொல்ல மாட்டேன். என்னுடைய மூன்றையும் யார் கேட்டாலும் கொடுக்கவும் மாட்டேன்.

கொத்துப்பட்ட அந்த மூன்று பழங்களைத் தூக்கிப் போடவில்லை. அழுகாத பக்கத்துச் சதையை வழித்து, கண்ணாடி டம்ளரில் இரண்டு நாள் புளிக்க விட்டு, அடியில் தங்கிய விதையைக் கழுவி நிழலில் தட்டில் உலர்த்தியிருக்கிறேன். நாற்பது சொச்சம் தேறும். உனக்கு இருபது எண்ணி உறையில் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்.