சதுர அடி கான்ட்ராக்டா, லேபர் கான்ட்ராக்டா?

வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" கான்ட்ராக்டர்களும் அதைத்தான் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் அதில் சேருமா, போர்டிகோவை முழு அளவாகக் கணக்கிடுவார்களா பாதியாகவா என்று அப்போதே கேட்பவர்கள் குறைவு. நாங்களும் கேட்கவில்லை. தளம் போட்ட மறுவாரம் "சம்ப் தனி சார்" என்றார் எங்கள் கான்ட்ராக்டர். அக்ரிமென்ட்டைப் புரட்டினால், சம்ப் என்ற சொல்லே அதில் இல்லை. கூடுதலாகக் கொடுத்துத்தான் கட்டினோம்.

சதுர அடி கான்ட்ராக்ட் என்றால் மெட்டீரியலோடு சேர்த்து விடுவது. அதில் அலைச்சல் இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் பொருளில் மிச்சம் பிடித்தால்தான் கான்ட்ராக்டருக்கு லாபம். கம்பி, சிமென்ட், டைல்ஸ், ஒயர் எல்லாவற்றுக்கும் பிராண்டும் அளவும் எழுதி வாங்காவிட்டால் அந்த மிச்சம் நம் சுவரிலிருந்துதான் போகும்.

லேபர் கான்ட்ராக்டில் கூலி மட்டும்தான் மேஸ்திரிக்கு. பொருள் நம்முடையது, தரமும் நம் கையில். 12 எம்.எம். கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.6 கிலோ இருக்க வேண்டும். லோடு இறங்கும்போதே நாலு கம்பியை எடை போட்டுப் பார்க்கலாம். ஆனால் நிர்வாகம் முழுக்க நம் தலையில். சிமென்ட்டை முன்கூட்டியே வாங்கி அடுக்கினால் மூன்று மாதத்தில் வலு குறையும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒருநாள் தாமதமானால் கொத்தனாரும் சித்தாளும் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சிய கலவை சாயங்காலம் தரையிலேயே இறுகிக் கிடக்கும்; பணம் நம்முடையது என்பதால் மேஸ்திரிக்கு அது உறுத்தாது.

இரண்டிலும் பொதுவாகக் கோட்டைவிடுவது கியூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 படி சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காயக்கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது யார் வேலை என்று எழுத்தில் இருக்கட்டும்.

தினமும் சைட்டில் நிற்க வீட்டில் ஆள் இருந்தால் லேபர் கான்ட்ராக்டுக்கே என் ஓட்டு. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அதில் இறங்க வேண்டாம். சதுர அடிக்கே விடுங்கள். பேஸ்மென்ட் (தரைமட்ட அடித்தளம்), லிண்டில் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), தளம், பூச்சு என்று வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். கான்ட்ராக்டரைச் சாராத ஓர் இன்ஜினியரை நீங்களே அமர்த்துங்கள். தளத்துக்கு முந்தின நாள் அவர் வந்து கம்பி இடைவெளியையும் கவர் பிளாக்கையும் (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கான்கிரீட் வண்டியை வரச் சொல்லுங்கள்.