தண்டர்பேர்டா, பிரவுசரா? கொடைக்கானலில் படிப்பவர்களுக்கு

பல்கலைக்கழக மெயிலை எதில் பார்ப்பது, பிரவுசரிலா, கணினியில் நிறுவிக்கொள்ளும் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளிலா என்று ஆய்வு மாணவிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

செலவு: இரண்டும் இலவசம்.

நெட் போனால்: மழை பிடித்துக்கொண்டால் கொடைக்கானலில் லைன் போவது சகஜம். பிரவுசரில் அப்போது பெரும்பாலும் வெறும் பக்கம்தான். தண்டர்பேர்டில் ஐமேப் முறையில் (மெயில் சர்வரிலும் இருக்கும், நகல் கணினிக்கும் வரும்) இறங்கிய மெயில்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். வழிகாட்டி அனுப்பிய திருத்தங்களை நிதானமாகப் படித்து, பதில் எழுதி அவுட்பாக்ஸில் போட்டுவைக்கலாம். லைன் வந்ததும் அனுப்பலாம். எனக்கு இது ஒன்றே போதும்.

அமைப்பது: பிரவுசருக்கு பாஸ்வேர்டு போதும். தண்டர்பேர்டோ மெயில் சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும் கேட்கலாம். ஐமேப்புக்குப் பெரும்பாலும் 993. மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் என்ற இன்னொரு முறை வேண்டாம், மெயில் ஒரே கணினியோடு நின்றுவிடலாம்.

சொந்த லேப்டாப்பில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குத் தண்டர்பேர்டு. லேப் கணினியில் பார்ப்பவர்களுக்கு பிரவுசர்தான் சரி, ஆனால் எழும்போது லாக்அவுட் செய்துவிடுங்கள்.