திரவமா, வாயுவா: வேறுபாடு எங்கே?

திடப்பொருளுக்குச் சொந்த வடிவம் உண்டு, அதில் குழப்பமில்லை. திரவமும் வாயுவும்தான் சிக்கலான ஜோடி. இரண்டும் பாயும், இரண்டும் பாத்திரத்தின் வடிவத்துக்கு வளையும். திரவத்துக்குக் கன அளவு மாறாது. வாயு கிடைத்த இடம் முழுக்கப் பரவிவிடும்.

ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று போதும். காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி அழுத்தினால், அசையவே அசையாது. காரணம் இடைவெளி: திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, வாயுவிலோ பெரும்பகுதி வெற்றிடம். 1 லிட்டர் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும்.

அதனால்தான் கார் பிரேக்குக்குத் திரவம், டயருக்குக் காற்று. பிரேக் குழாயில் காற்று புகுந்தால் பெடல் மெத்தென்று இறங்கும், பிரேக் பிடிக்காது.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்: சூடாக்கினால் திரவத்தின் பாகுத்தன்மை (பாய்வதற்குக் காட்டும் எதிர்ப்பு) குறையும், வாயுவின் பாகுத்தன்மை கூடும்! திரவத்தில் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடி தளர்கிறது. வாயுவில் அவை இன்னும் வேகமாக அங்குமிங்கும் பாய்ந்து, அடுத்த அடுக்கின் ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கின்றன.