ஒரு வேதியியல் நாள்காட்டியும் இரண்டு மெண்டெலீவ்களும்

எங்கள் பள்ளி ஆய்வகத்துச் சுவரில் ஆண்டுதோறும் தொங்குவது மளிகைக்கடையோ நகைக்கடையோ இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டர்தான். இந்த ஆண்டு, சிறு பதிப்பகம் ஒன்று வெளியிட்டிருக்கும் வேதியியல் நாள்காட்டியை என் கைக்காசில் வாங்கி அதே ஆணியில் மாட்டினேன். நாளுக்கொரு தாளாக 365 தாள்கள். ஒவ்வொன்றிலும் அந்தத் தேதியில் நிகழ்ந்த கண்டுபிடிப்போ, வேதியியலாளர் ஒருவரின் பிறப்போ மறைவோ பத்துப் பன்னிரண்டு வரிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. புதியதில் ராகு காலம் போடவில்லை என்று ஆய்வக உதவியாளர் குறைபட்டுக்கொண்டதால் பழைய காலண்டருக்கு வேறோர் ஆணி அடிக்க வேண்டியதாயிற்று. தாளைக் கிழித்துப் போட மனம் வராமல், ஜனவரி முதல் டிசம்பர் வரை முழுவதையும் படித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 1-ஆம் தேதித் தாள் ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். 1774-ஆம் ஆண்டு அதே நாளில், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் உள்ள போவுட் மாளிகையில், 12 அங்குல விட்டமுள்ள குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, பாதரசத்தின் சிவப்பு ஆக்சைடைச் சூடாக்கி ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு வாயுவைச் சேகரித்தார். அந்த வாயுவில் மெழுகுவத்தி வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்ததைக் கண்டு அவர் வியந்தார். இதை எந்தப் பாடநூலும் சொல்லும். இந்தத் தாளோ அதோடு நில்லாமல், சுவீடனில் ஷீலே அதே வாயுவைச் சில ஆண்டுகளுக்கு முன்பே தயாரித்திருந்ததையும், அவருடைய நூல் 1777-இல்தான் வெளிவந்ததையும், தன் கையில் இருப்பது ஒரு தனிமம் என்பதை பிரீஸ்ட்லி கடைசிவரை ஏற்காமல் எரியும் பொருளிலிருந்து பிளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்னும் பழைய கொள்கையையே பிடித்துக்கொண்டிருந்ததையும், அதற்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டு எரிதலுக்கு விளக்கம் தந்தவர் லவாய்சியே என்பதையும் அந்தச் சிறிய இடத்துக்குள் அடக்கியிருக்கிறது. ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டுப் பழகிப்போன எனக்கே அதைப் படித்ததும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மறுநாள் தாள், 1861 ஆகஸ்ட் 2 அன்று பிறந்த பிரபுல்ல சந்திர ராயைப் பற்றியது. 1896-இல் மெர்குரஸ் நைட்ரைட் என்னும் பாதரசச் சேர்மத்தைத் தயாரித்து உலகின் கவனத்தைப் பெற்றவர் அவர். அடுத்தடுத்த இரண்டு நாள்களிலும் பாதரசமே பேசுகிறது என்பதைத் தொகுத்தவர் கவனித்தாரா என்று தெரியவில்லை, மாணவர்கள் கவனித்துவிட்டார்கள்.

ஆண்டுவிழாக்களே சில வேளைகளில் வரலாற்றை உண்டாக்கிவிடுகின்றன என்பதையும் தொகுப்பாளர் உணர்ந்திருக்கிறார். பிரீஸ்ட்லி தம் கடைசிக் காலத்தைக் கழித்தது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள நார்தம்பர்லாந்து என்னும் ஊரில். ஆக்சிஜனின் நூற்றாண்டைக் கொண்டாட 1874-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் அந்த ஊரில் கூடினார்கள். அங்கே எழுந்த பேச்சின் தொடர்ச்சியாக 1876-இல் அமெரிக்க வேதியியல் கழகம் பிறந்தது. மார்ச் 11-ஆம் தேதித் தாளும் இதே வகையைச் சேர்ந்ததுதான். பென்சீன் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் வளையமாக இணைந்திருக்கின்றன என்ற கருத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவை 1890-இல் அந்த நாளில் பெர்லினில் கொண்டாடியபோதுதான், தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்ட கதையை அந்தக் கருத்தை முன்வைத்த ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே மேடையில் சொன்னார். அவருடைய கட்டுரை வெளிவந்தது 1865-இல். கனவு மேடையேறியதோ கால் நூற்றாண்டு கழித்து. வகுப்பில் நாம் பாம்பில் தொடங்கிப் பென்சீனுக்கு வருகிறோம். இந்தத் தாள் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவு கவனமுள்ளவர் ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவிடம் எப்படிச் சறுக்கினார் என்பதுதான் புரியவில்லை. பிப்ரவரி 17-ஆம் தேதித் தாள், மெண்டெலீவ் தம் தனிம வரிசை அட்டவணையை உருவாக்கிய நாள் என்கிறது; மார்ச் 1-ஆம் தேதித் தாளும் அதையே வேறு சொற்களில் சொல்கிறது. ரஷ்யாவில் அப்போது வழக்கில் இருந்தது ஜூலியன் நாள்காட்டி. 19-ஆம் நூற்றாண்டில் அது நாம் பயன்படுத்தும் நாள்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. ஆகவே அங்கே 1869 பிப்ரவரி 17 என்பது நமக்கு மார்ச் 1. இரண்டும் ஒரே நாள் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தால் அதுவே சுவையான செய்தியாகியிருக்கும். இப்போதோ அவர் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அட்டவணை போட்டதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்வார். இந்த இரட்டிப்பால் நேர்ந்த இழப்பும் உண்டு. 1896 மார்ச் 1 அன்றுதான், வெயில் இல்லாததால் மேசை இழுப்பறைக்குள் யுரேனிய உப்போடு வைத்திருந்த ஒளிப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்து, ஒளி படாமலேயே அதில் பதிவு விழுந்திருப்பதை பெக்கரல் கண்டார். கதிரியக்கத்தின் தொடக்கமான அந்த நாளுக்கு இந்தக் காலண்டரில் இடமே இல்லை.

மெண்டெலீவைப் பற்றிய உள்ளடக்கத்தில் குறையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1875-இல் பிரான்சின் லெக்காக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து அதன் அடர்த்தி 4.7 என்று அறிவிக்க, அந்தத் தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டெலீவ், தம் அட்டவணையைக் கொண்டே அது ஏறத்தாழ 5.9 ஆக இருக்க வேண்டும், தூய்மையான மாதிரியை எடுத்து மீண்டும் அளந்து பாருங்கள் என்று எழுத, மறுபடி அளந்தபோது 5.9 என்றே வந்த கதையைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சத்தமாகப் படித்துவிட்டு, "சார், மார்க் போட்டவரே பேப்பரைத் திருத்திக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ஆகஸ்ட் 18-ஆம் தேதித் தாள். '1868: குண்டூரில் ஜான்சன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி இடத்தில் பலூன் படம் போட்டிருக்கிறார்கள். அன்றைய முழுச் சூரிய கிரகணத்தைக் காண அப்போதைய சென்னை மாகாணத்துக்குப் பல குழுக்கள் வந்திருந்தன. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் இருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். சூரியப் பிழம்புகளின் நிறமாலையில், அதாவது அவற்றின் ஒளியைப் பிரித்தால் தெரியும் வண்ணப்பட்டையில், மஞ்சள் கோடு ஒன்றும் தெரிந்தது. பலரும் அதைச் சோடியத்தின் கோடு என்றே எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் கிரகணமே இல்லாத நாளில் அந்த நிறமாலையைப் பார்த்த ஆங்கில வானியலாளர் லாக்யர்தான், கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை, சற்றே தள்ளி நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, பின்னர் புதுத் தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். பூமியில் அந்த வாயுவை 1895-இல் ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கும் வரை பலர் அதை நம்பவும் இல்லை. ஆக்சிஜனுக்குக் காட்டிய நிதானத்தை, நம் மண்ணோடு தொடர்புடைய இந்தத் தனிமத்துக்குக் காட்டாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல், உயிரணுவில் புரதம் உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட அக்டோபர் 7-க்கு முழுத் தாள் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், ஊர்ப்பற்று இல்லை என்றும் குற்றம் சொல்ல முடியாது.

மற்ற தாள்களில் பெரும்பாலானவை சரியாகவே இருக்கின்றன. 1886 ஜூன் 26 அன்று மொய்சான் ஃபுளூரினைப் பிரித்தது, 1898 டிசம்பர் 26 அன்று ரேடியம் அறிவிக்கப்பட்டது, 1938 ஏப்ரல் 6 அன்று பிளங்கெட்டின் உருளையில் வாயுவுக்குப் பதில் வெள்ளைத் தூள் கிடைத்து டெஃப்லான் வந்தது ஆகியவை சுருக்கமாகவும் பிழையின்றியும் உள்ளன. பிறந்தநாள் தாள்கள் பல வெறும் பெயர்ப் பட்டியல்; அவற்றைக் குறைத்திருக்கலாம்.

அச்சைப் பற்றி ஒரு முக்கியமான குறை. வாய்பாடுகளில் எழுத்தின் காலடியில் சிறிதாக நிற்க வேண்டிய எண்கள் எழுத்தின் அளவுக்கே பெரிதாக அச்சாகியிருக்கின்றன. நீரின் வாய்பாட்டை அப்படி எழுதும் மாணவருக்கு நான் அரை மதிப்பெண் குறைப்பேன். பதிப்பகத்துக்கும் அதையே செய்கிறேன். மேல் விளிம்புப் பசையும் போதாது. மே மாத வெயிலுக்குத் தாள்கள் தாமாகவே கழன்று விழத் தொடங்கிவிட்டதால், துளையிட்டு நூல் கோத்து மறுபடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பிப்ரவரி 17 பற்றிப் பதிப்பகத்துக்கு எழுதியதற்கு, அடுத்த பதிப்பில் திருத்துவதாக மரியாதையான பதில் வந்தது. பெக்கரலைச் சேர்ப்பார்களா என்று சொல்லவில்லை. உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆகஸ்ட் 18-க்கு மட்டும், பலூன் படத்தின் மேல் ஒட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத்தாளையும் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.