மெல்லிய அடியுள்ள ஜப்பானிய ரேஸிங் ஷூ: வேலூர் ரோட்டுக்குச் சரிப்படுமா?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பெண்கள் மாரத்தான் மாலை 6 மணிக்கு, சுமார் 35 டிகிரி வெப்பத்தில் தொடங்கியது. ஜப்பானின் மிசுகி நோகுச்சி 2:26:20 நேரத்தில் தங்கம் வென்றார். அவருக்கு ஷூ செய்துகொடுத்த ஹிதோஷி மிமுரா, பிடிமானத்துக்காக அடிப்பாகத்தில் நெல் உமி கலந்த ஷூக்களையும் உருவாக்கியவர். ஆரணி அரிசி ஆலைகளில் குவிந்துகிடக்கிற அதே உமிதான்! மறு ஆண்டு பெர்லினில் நோகுச்சி ஓடிய 2:19:12, ஜப்பானியப் பெண்கள் சாதனையாக 2024 வரை நின்றது.

அந்த மரபில் வரும் மெல்லிய ஷூக்கள் எடை குறைவு, தரையை நன்றாக உணரலாம். கோட்டையைச் சுற்றியுள்ள தார் ரோட்டில் அருமையாக ஓடும். ஜல்லி பெயர்ந்த கிராமத்து ரோட்டில் வேண்டாம். கல் பாதத்தில் குத்தும், ஷூவின் அடியிலுள்ள பள்ளங்களிலும் சிக்கிக்கொள்ளும்.

குதிகால் உயரம் குறைவு என்பதால் கூடுதல் பாரம் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணுக்கும் போகும். எடுத்ததும் 10 கி.மீ. ஓடினால் வலி நிச்சயம். முதல் 2 வாரம், வாரம் ஒருமுறை 2 கி.மீ. போதும். தினசரி ஓட்டத்துக்குத் தடித்த ஷூவையே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவை மாலையில் பாருங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்றபடி பார்த்தால் நீண்ட விரலுக்கு முன் 1 செ.மீ. இடம் வேண்டும். குதிகால் நழுவினால் கடைசித் துளையிலும் நாடாவைக் கோத்து இறுக்குங்கள்.

வேலூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் வைக்கவே கூடாது: பசை இளகி முன்பக்கம் வாய் பிளக்கும். நனைந்தால் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.