பழைய பாய்மரப் படகு: ஃபுளோரிடாவா, கிரீஸா?

ஃபுளோரிடாவில் விற்பனைக்கு நிற்கும் படகுகளுக்குக் கணக்கே இல்லை. மாநில விற்பனை வரியும் எவ்வளவு பெரிய படகானாலும் 18,000 டாலரைத் தாண்டாது. ஆனால் புயலில் அடிபட்டு, மேலே பெயின்ட் பூசி வந்தவையும் அதில் கலந்திருக்கும். கரையில் கட்டியிருக்கும்போது படகு எடுக்கும் மின்சாரம் வேறு 110 வோல்ட், ஐரோப்பாவுக்கு ஒத்துவராது.

மத்தியதரைக் கடலிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் நான் கிரீஸைத்தான் சொல்வேன். அங்கே நிறைய வாடகைக்கு ஓடிய படகுகள், அதனால் எஞ்சின் ஓடிய மணிநேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லி, கீல், அதாவது படகின் அடியில் தொங்கும் கனமான பகுதி, உடலோடு சேரும் இடத்தில், குறிப்பாகப் பின்முனையில், விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாறையில் தட்டிய படகு பெரும்பாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அப்புறம், வாட் (மதிப்புக் கூட்டு வரி) கட்டிய அசல் பில்லைக் கேளுங்கள். அது இல்லையென்றால் 24 சதவீதம் உங்கள் தலையில் விழலாம். எங்கே வாங்கினாலும், படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை நீங்களே பிடியுங்கள், தரகர் காட்டும் ஆள் வேண்டாம்.